அத்தானின் உள்நாக்கு

எங்கள் ஊரில் சங்கு குளிக்கப் போகிறவருக்கு வள்ளத்தில் இருந்து கயிறு பிடிப்பது அவர் மனைவியின் கூடப்பிறந்தவன்தான். கூடப்பிறந்தவள் தாலி அறுப்பதை எவனும் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்ற நம்பிக்கை. இப்போது கம்ப்ரசர் வந்துவிட்டது, காற்று ரப்பர் குழாய் வழியாகக் கீழே போகிறது. ஆனாலும் குழாயும் கயிறும் மச்சினன் கையில்தான். பதினாலு வருஷமாக என் அக்கா வீட்டுக்காரருக்கு நான் பிடிக்கிறேன். அவர் கீழே விடுகிற மூச்சு குமிழ் குமிழாக மேலே வரும். அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது; குமிழ் நின்றால் உடனே கயிற்றை இழுத்துவிட வேண்டும். உருப்படியாக நான் செய்கிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான் என்பாள் அக்கா. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அத்தான் தங்கமான மனிதர். குறட்டை மட்டும்தான் கொடுமை. டீசலில் தண்ணீர் கலந்த என்ஜின் மாதிரி இரைவார். உச்சத்துக்குப் போனதும் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு உடம்பு தூக்கிப்போட, பெரிய மூச்சொன்றை இழுத்து மறுபடி தொடங்குவார். இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்த மேதாவி நான்தான். சின்ன வயதில் குழாய் இல்லாமல், வெறும் மூச்சை அடக்கிக் குளித்தவர் அத்தான். "கடலுக்குள்ள அடக்கிப் பழகுன ஆளு, தூக்கத்துலயும் அடக்குதாரு" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னேன். சங்கு குளிக்கிற அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். அத்தானுக்கோ பெருமை தாங்கவில்லை. "நம்ம ரத்தத்துல உள்ளதுல்லா மாப்ள" என்றார்.

வீட்டில் இதைக் கேட்ட அக்கா மட்டும் தலையை ஆட்டவில்லை.

ஒருநாள் காலையில் தொண்டைக்குள் ஏதோ தொங்குகிறது, எச்சில் விழுங்கினால் உறுத்துகிறது என்றார் அத்தான். அக்கா போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். உள்நாக்கு சிவந்து வீங்கி, நாக்கின் மேல் படுத்துக் கிடந்தது. "உள்நாக்கு விழுந்துட்டுல்லா! இந்தச் சனியன்தான் குறட்டைக்குக் காரணம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். விழுந்த உள்நாக்கைத் தூக்க உச்சிமயிரைப் பிடித்துச் சுண்ட வேண்டும். அத்தானின் உச்சியில் மயிர் எங்கே இருக்கிறது? காதோரம் இருந்ததைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். அவர் அலறியதைப் பொருட்படுத்தாமல் குசினிக்குப் போய் உப்பும் மிளகுப்பொடியும் விரலில் அப்பி வந்து, உள்நாக்கில் வைத்து அழுத்தினாள். அத்தான் குமட்டிக்கொண்டே அவள் விரலைக் கடித்துவிட்டார். மறுநாள் உள்நாக்கு இன்னும் பெரிதாக இருந்தது. அக்காவின் விரலும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே சாப்பிட்டேன். ஆட்டுக்கறியும் மூன்று தட்டுச் சோறும் உள்ளே போனதும் அத்தான் கூடத்தில் மல்லாந்து படுத்துவிட்டார். நான் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போய் நின்றது. வழக்கம்தானே என்று நான் நிமிரவில்லை. அக்கா வந்து அவர் மாருக்கு நேரே உட்கார்ந்தாள். "ஏலே, போன வச்சிட்டு இங்கன பாரு" என்றாள்.

பார்த்தேன். வயிறு எக்கி எக்கி முயல்கிறது, மூக்கில் காற்று இல்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. வள்ளத்தில் குமிழ் நின்றால் என்ன செய்வேனோ அதையே செய்யப் போனேன் போலிருக்கிறது. என் வலது கை தானாக நீண்டு தரையில் கயிற்றைத் தேடியது. கயிறு எங்கே இருக்கிறது? அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். பெரிய மூச்சொன்றை இழுத்து எழுந்தவர், "என்ன மாப்ள, சாயா போட்டாச்சா?" என்றார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இதைத்தான் அவள் எத்தனையோ வருஷமாகத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் டீக்கடையில் கதை சொல்லியிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளே நானும் அக்காவும் அவரைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர் சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். "இத வெட்டி எறிஞ்சிருங்கம்மா, சனியன் ஒழியட்டும்" என்றார் அத்தான்.

"உங்க உள்நாக்கு பாவம். அது ஒரு தப்பும் பண்ணல. வருசக்கணக்கா குறட்டையில ஆடி ஆடி அடிபட்டு வீங்கியிருக்கு. சாப்பாடு மூக்குக்குள்ள ஏறாமப் பாத்துக்கிடுது, தொண்டை காயாம ஈரம் குடுக்குது. எரிஞ்சு போயிருக்கே, அதுக்கு மேல உப்ப வேற யாரு வச்சா?" என்றாள் டாக்டர்.

அக்கா விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

நான் என் மேதாவித்தனத்தையும் ஒப்புக்கொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "அவரு மூச்ச அடக்கலை அண்ணாச்சி. தூங்கும்போது சதை தளர்ந்து, நாக்கு பின்னால சரிஞ்சு வழி மூடிக்கிடுது. பகல்ல தூங்கி விழுவாரா?"

விழுவார். பூசையில் விழுவார். இரண்டு முங்குக்கு நடுவே வள்ளத்தில் உட்கார்ந்தபடியே விழுவார். அலுப்பு என்று நினைத்துத் துண்டைப் போர்த்திவிட்டவன் நான். இது சரியாகும்வரை கடலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். ஒரு இரவு வயர்களை ஒட்டிப் படுக்க வைத்துச் சோதித்த பிறகு, மூக்கில் மாட்டிக் காற்றடிக்கிற மெஷினை எழுதிக் கொடுத்தாள். தொப்பையைக் குறை, ஒருக்களித்துப் படு, சாயங்காலம் குடிக்காதே என்று மூன்று கட்டளைகள் வேறு.

மெஷினைப் பார்த்ததும் அத்தான் முறுக்கிக்கொண்டார். "தண்ணிக்குள்ளதான் குழாயோட கெடக்கேன். கட்டில்லயுமா? நான் என்ன நோயாளியா?"

எனக்குக் கோபம் வந்தால் மட்டு மரியாதை தெரியாது. "நான் குழாயப் பிடிக்காட்டி கடல்ல எறங்குவியளா?"

"அதெப்படி எறங்குவேன்?"

"அப்பொ அக்கா மட்டும் எந்த நம்பிக்கையில தெனம் பக்கத்துல படுக்கா? ராத்திரி ஒங்க மூச்சு நின்னா அவ எந்தக் கயிறப் பிடிச்சி இழுப்பா?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவள் சாயா தம்ளரைக் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்குவது தெரிந்தது. "சரி, மாட்டித் தொலைங்கடா" என்று முனகினார்.

மறுநாள் காலை, மீனுக்குப் போகிற வேறொரு வள்ளத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"ஏலே, நேத்து சத்தமே இல்லல. எனக்குப் பயம் வந்துட்டு. உசிரோட இருக்காரான்னு நாலு தடவ எந்திச்சிப் பாத்தேன்."

"அப்பொ நீ தூங்கவே இல்லையா?"

"பொறவு தூங்கிட்டேன். அந்தக் குழாய உள்ளங்கையில பிடிச்சிட்டுப் படுத்தேன். உள்ள காத்து போறது லேசா தெரிஞ்சுது. அப்படியே கண்ணசந்துட்டேன்." பிறகு கேட்டாள். "நீ வள்ளத்துல இப்படித்தானல பிடிப்ப?"

பதினாலு வருஷத்தில் அவள் இதை என்னிடம் கேட்டதே இல்லை. "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னேன்.