எங்கள் சண்டையைப் படம் பிடித்தவர்கள்

மகள் பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். காலையில் சீருடை போட்டுக்கொள்வாள். படியிறங்கும்போது நெஞ்சு படபடக்கிறது என்று திரும்பி வந்து, அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் சாயங்காலம் வரை திறக்கவில்லை. அவள் அப்பா கதவை உடைத்தார். மறுநாள் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார். அதோடு அவள் எங்களிடம் பேசுவதும் நின்றுபோனது.

எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் தனியாகப் பேசிவிட்டு, இனி வாரா வாரம் குடும்பத்தோடு கவுன்சலிங்குக்கு வரச் சொன்னார். எனக்கு அப்போதே சந்தேகம். சீக்கு பிள்ளைக்கு, எங்களை எதற்கு உட்கார வைக்கிறார்கள்? பழியை நம் தலையில் கட்டத்தான். மட்டாஞ்சேரியில் மசாலா கிடங்கில் கணக்கெழுதும் என் கணவர் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவர். அவர் உடனே சரி என்றதும் எனக்குப் பிடிபடவில்லை.

கவுன்சலர் ஒரு மலையாளிப் பெண். கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் பேசுவாள். இப்படிக் குடும்பத்தையே கூட்டிவைத்துப் பேசுவது பிள்ளைகளுக்கு உண்மையில் உதவுகிறதா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். ஆரம்பத்தில் ஒரு முறை, எல்லாம் முடிந்த பிறகு ஒரு முறை, எங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயத்தைக் கேமராவுக்கு முன்னால் பேச வேண்டும். எது முதல் படம், எது கடைசிப் படம் என்று தெரியாத இரண்டு பேர் பார்த்து மார்க் போடுவார்கள்.

"யாரு அந்த ரெண்டு பேர்? எங்க மூஞ்சி யார் யார் போனுக்கெல்லாம் போகும்?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிய விட்டு வெளிய போகாது சேச்சி. பேடிக்க வேண்டாம், பயப்படாதீங்க."

நான் நம்பவில்லை. மகள் சம்மதித்தாள் என்பதற்காகத் தலையாட்டினேன்.

முதல் படத்துக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். கேமராவை ஓடவிட்டு அந்தப் பெண் வெளியே போய்விட்டாள். பேச வேண்டியது தாழ்ப்பாளைப் பற்றி. "கண்ணு, உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே செய்யலாம்" என்றேன். வீட்டில் நான் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. அவர் கேமராவைப் பார்த்துத் தலையாட்டினார். மகள் "ம்" என்றாள். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப்பில் அவளாகவே சொன்னாள். "அம்மா, அங்க நீ வேற யாரோ மாதிரி இருந்தே."

"நீ மட்டும் என்னவாம்?"

"நானும்தான்."

பல வாரங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான்.

அதற்கப்புறம் வாரா வாரம் போனோம். கவுன்சலர் எப்போதும் மகள் பக்கம் சாய்வதாகவே எனக்குப் பட்டது. நான் ஒன்று சொன்னால், "மோளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?" என்று திருப்புவாள். சில நாட்கள் மகள் பள்ளிக்குக் கிளம்ப ஆரம்பித்தபோது, அது அவர்களுக்குக் காட்டுவதற்காகவோ என்று தோன்றியது. ஒரு நாள் ஆட்டோவில் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவள் கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். போனதைக் கண்ணால் பார்த்த பிறகும் மனசு ஆறவில்லை.

கடைசிப் படத்துக்கும் அதே பேச்சுதான். இந்த முறை அவள் எடுத்ததுமே, "எனக்குத் தாழ்ப்பாள் வேணும்" என்றாள்.

"முடியாது. உன்னை எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம். கதவுக்கு வெளிய வந்து நிக்காதே. உன் நிழல் அடியில தெரியுது."

கேமராவை மறந்து கத்திவிட்டேன். "பயமா இருக்குடீ! நீ உள்ள என்ன பண்றேன்னு தெரியாம எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பயமா? நீ என்னைச் சந்தேகப்படறேன்னுதான் நெனச்சேன்."

"ரெண்டும்தான்" என்றேன்.

அவள் அப்பா தொண்டையைக் கனைத்தார். "நானே மாட்டித் தர்றேன். ஆனா கூப்பிட்டா பதில் சொல்லணும்."

"சொல்றேன். ஒரு தடவை கூப்பிட்டா மதி, அது போதும். கதவைத் தட்டிக்கிட்டே இருக்கக் கூடாது."

வெளியே வந்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. "சண்டை போட்டுட்டோம். மார்க் கொறஞ்சிருமா?" என்று கவுன்சலரிடம் கேட்டேன்.

"அதில பாஸ், ஃபெயில் இல்ல சேச்சி. உங்க ஒரு குடும்பத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நெறைய குடும்பத்தோடது சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்போ இவளுக்குக் குணமாயிருச்சான்னு யாரு சொல்றது?"

"சேச்சிக்கு என்ன தோணுது?"

இதுவும் ஒரு பதிலா என்று எரிச்சலாக வந்தது.

தாழ்ப்பாள் திரும்ப வந்தது. அவள் பரீட்சை எழுதினாள், பாஸ் ஆனாள். பிளஸ் ஒன் போகிறாள். சில நாட்கள் போகாமலும் இருக்கிறாள். சில மாதங்கள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, வீட்டில் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று குடைந்து கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன். "போறா. போன வாரம் போகல. சண்டை போடறோம், அப்புறம் பேசிக்கறோம்."

மகள் போனை வாங்கி, மலையாளத்தில் ஏதோ வேகமாகச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொன்னே?"

"கொஞ்சம் நல்லா இருக்குன்னு."

"கொஞ்சம்தானா?"

"கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டுச் சாயா போடப் போனாள். முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.