சீனன்குடாவில் இரும்பு அடித்த சத்தம்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போகிறவள் நான். இன்று நானே சொல்ல வந்திருக்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

எனக்கு ஊர் பாலையூற்று. சீனன்குடா விமானத்தளத்துக்கு வெளியே பற்றைக்காடு வெட்டுகிற எட்டுப் பெண்களுக்கு நான்தான் பொறுப்பு. வெள்ளைக்காரன் கட்டி, உலக யுத்தகாலத்தில் பெருப்பித்த தளம் அது. அங்கே விமானம் ஓட்டியவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் அந்த நிலத்தைச் சமன்செய்து கல் பரப்பியவர்கள் எங்கள் ஆட்கள், என் அம்மாவின் தகப்பனும் அதில் ஒருவர், அதை எங்கே போனாலும் சொல்லிக்கொள்வேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். வெட்டிய பற்றையைக் குவித்து நெருப்பு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே வேலையாக நின்றோம். திடீரென்று இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம், விடாமல், யாரோ அவசரப்படுத்துவதுபோல. வழக்கம்போல இரும்பில் தட்டித் தேநீருக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கத்திகளைப் போட்டுவிட்டு, தூரத்தில் இருந்த வீதிக்கு நடந்தோம். தேநீர் ஊற்றுகிற கிண்ணியாக்காரி பரீதா எங்களைப் பார்த்து விழித்தாள்.

"என்னக்கா அதுக்குள்ள வந்திட்டீங்க? நான் இன்னும் தண்ணியே கொதிக்க வைக்கல்ல."

இரும்பில் அடித்தது நீதானே என்று கேட்டேன். தான் ஒன்றும் அடிக்கவில்லை, ஒரு சத்தமும் கேட்கவுமில்லை என்றாள். அவள் சொல்லி முடிக்கவில்லை, நிலம் குலுங்கியது. சற்று முன்பு நாங்கள் வேலைசெய்த இடத்தில் மண்ணும் புகையும் பனை உயரத்துக்கு எழுந்தன. உலக யுத்தத்துக் குண்டொன்று மண்ணுக்குள் கிடந்து நெருப்புச் சூட்டில் வெடித்ததாம். நம்பினால் நம்புங்கள், எங்களில் ஒருத்திக்கும் கீறல்கூட இல்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவர் தன் தகப்பனின் கதையைச் சொன்னார்.

"யப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு, வேலையாக்கள் எல்லாரும் பங்கருக்குள்ள இறங்கும்வரைக்கும் அப்பு தண்டவாளத் துண்டில அடிச்சுக்கொண்டே நிண்டவராம். அவற்ற உடம்பைத்தான் வீட்ட கொண்டு வந்தவை. நான் அப்ப கைக்குழந்தை."

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தக் கதை தன் வாயில் வராது என்றார்.

அம்மாவின் தகப்பனுடைய பெயர் எந்த நினைவுக்கல்லிலும் இல்லை. இருக்கட்டும், அவருடைய பேத்தி நான் என்று நிமிர்ந்து சொல்கிறேன்.

அன்று அடித்தது அவர்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. தூரத்தில் யாரோ இரும்பு வேலை செய்திருக்கலாம், பரீதாவுக்குக் காதில் விழாமல் போயிருக்கலாம் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அன்று எல்லோருக்கும் முன்பாகக் கத்தியைப் போட்டுவிட்டு வீதிப்பக்கம் நடந்தவள் எங்கள் கூட்டத்துத் தவமணி. அவளுக்குப் பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேளாது.