நேர்ந்துவிட்ட கன்றுக்குப் பூச்சி மருந்து

கறவைக்காகக் கன்றை ஊட்டவிட்டேன். மடியை முட்டிக் குடிக்க வேண்டிய கன்று, முன்னங்கால் மடங்கி அப்படியே விழுந்தது. தூக்கி நிறுத்தினேன். கால் நடுங்கியது, மறுபடி விழுந்தது. உள்ளே தொட்டிலில் என் மகன் அழுகிறான். வாசலில் மாமியார் பக்கத்து வீட்டு மேரியிடம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்: "எங்க கன்னு வயித்தப் பாத்தியா? ஊருச் சோறெல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு."

புதிதாக மாடு வளர்க்க வந்திருக்கும் பெண்கள் முதலில் இந்த வயிற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வயிறு பானை மாதிரி தொங்கும், முதுகெலும்பு தனியே துருத்தும். மயிர் மினுமினுப்பு இல்லாமல் சிலிர்த்து நிற்கும். சாணி தண்ணீராகப் போகும், நாற்றம் தாங்காது. கன்று மண்ணை நக்கும். இது சாப்பாடு நிறைந்த வயிறு அல்ல, பூச்சி வயிறு. பி.காம். படித்த நான் தாது உப்புக் குறைவு என்று நினைத்துத் தாது உப்புக் கலவை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கயிறு இல்லாத கன்று

என் மகன் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது, அடுத்துப் பிறக்கும் காளைக் கன்றை மாதா கோயிலுக்குக் கொடுப்பதாக மாமியார் நேர்ந்துகொண்டார். அப்படிப் பிறந்ததுதான் இது. நேர்ந்த கன்றுக்குக் கயிறு போடுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் அது குப்பைமேட்டில் படுக்கும், தொழுவம் கழுவிய தண்ணீர் தேங்கும் இடத்தில் குடிக்கும், யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கும். எல்லாரும் சோறு போடுவார்கள். மருந்தும் கூடாது என்பார் மாமியார். "மாதாவுக்குன்னு சொன்ன உசுரு. அவ பாத்துக்குவா."

திருவிழாவில் கொடுக்க வேண்டிய கன்று அதற்கு முன்பே செத்துப்போனால், அதை என் மகனுக்கு வரும் கெட்ட சகுனம் என்றே மாமியார் நினைப்பார். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே தூக்கத்தில் அவன் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

மறுநாள் சாணியை டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உருண்டைப்புழு முட்டை நெறைய இருக்கும்மா. பூச்சி மருந்து எப்பக் குடுத்தீங்க?"

"இன்னும் குடுக்கல சார். நேந்துவிட்ட கன்னு, அத்தை வேணாங்கிறாங்க."

"அது நேந்துவிட்ட கன்னுன்னு பூச்சிக்குத் தெரியாதே. பொறந்த ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சு ஆறு மாசம் வரைக்கும் மாசாமாசம் குடுத்திருக்கணும்."

நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்து எடையைக் கணக்கிடச் சொல்லிக் கொடுத்தார். குட்டிக் கன்றாயிற்றே, கொஞ்சம் குறைத்தே கொடுக்கட்டுமா என்று கேட்டேன். குறைத்தால் பூச்சி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும் என்றார். வீட்டுக்கு வந்து பாட்டிலைப் படித்துவிட்டு மறுபடி போன் செய்தேன். "நான் சொன்னதும் பாட்டில்ல இருக்கிறதும் ஒண்ணுதாம்மா. தயவுசெஞ்சு குடுங்க."

தலையை மேலே தூக்கக் கூடாது, நாக்கைப் பிடிக்கக் கூடாது. இல்லாவிட்டால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாயில் வைத்து மெதுவாக விட்டேன். மாமியார் பின்னால் நின்று கத்தினார்.

"மாதாவோட பொருள்ல மருந்த ஊத்துறியே ரீட்டா!"

"மாதா கோயில்லயே ஆஸ்பத்திரி இருக்கே அத்தை?"

"அது மனுசருக்குடி!"

அடுத்த நாள் சாணியோடு வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் விழுந்தன. மாமியார் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். கன்று துள்ள ஆரம்பித்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

மறுபடியும் அதே வயிறு

அடுத்த மாதமும் மருந்து கொடுத்தேன். ஆனாலும் மயிர் மறுபடி சிலிர்த்தது. அளவு தப்பா, மருந்து போலியா, கன்று துப்பிவிட்டதா என்று எனக்குச் சந்தேகத்துக்கு மேல் சந்தேகம். இன்னொரு முறை ஊற்றக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, கேட்டுவிட்டு ஊற்றுவோம் என்று டாக்டரிடம் போனேன்.

"கன்னு எங்க படுக்குது?" என்றார். சொன்னேன். "மருந்து உள்ள இருக்கிற பூச்சியத்தான் கொல்லும். உங்க கன்னு குப்பைமேட்டுல போயி புதுசா முட்டைய முழுங்கிட்டு வருது. கட்டிப் போடுங்க."

"கட்டக் கூடாது சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப ஒண்ணு செய்ங்க. குப்பைமேட்டக் கட்டிப் போடுங்க."

கோபத்தோடுதான் வீடு திரும்பினேன். வழியில்தான் புத்தி வந்தது: கயிறுதானே கூடாது, வேலி போடலாமே. தைலமரக் கம்பு வாங்கி, மேடான, காய்ந்த இடத்தில் மணல் கொட்டி, நாலு பக்கமும் அடைத்து, வழிக்குக் கதவாக ஒரு படல் வைத்தேன். சாணியைத் தினமும் அள்ளினேன். தண்ணீருக்குத் தனித் தொட்டி, சோற்றுக்குப் பதில் கன்றுத் தீவனம், கறவையில் ஒரு காம்பு முழுக்க அதற்கு.

"கட்டிப்புட்டியேடி!"

"கயிறு எங்க இருக்குன்னு காட்டுங்க அத்தை."

காலையில் அவர் படலைத் திறப்பார், நான் மூடுவேன். மத்தியானம் அவர் திறப்பார். பிள்ளைக்குச் சோறு ஊட்டிய கையோடு ஓடி மூடுவேன். ஒரு நாள் கன்றைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். "இது செத்தா நேத்திக்கடன யாரு செலுத்துவா அத்தை? சொல்லுங்க, யாரு?" அன்று மத்தியானம் படல் மூடியே இருந்தது.

அடுத்த சாணிப் பரிசோதனையில் முட்டை இல்லை. கன்று முட்டிய முட்டில் மாடு கால் மாற்றி நின்றது. அதே சமயத்தில் பிறந்த ஊர்க் கன்றுகளைவிட இன்னும் சிறியதுதான். போன வளர்ச்சி முழுக்கத் திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். ஆனால் திருவிழாவுக்குத் தானே நடந்து போகும்.

போன வாரம் மேரி ஒரு கிண்ணம் சோற்றோடு வந்தாள். மாமியார் படலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"இங்கிட்டுக் கொண்டாராதடி. மாதா கனவுல வந்து வேலி போடச் சொல்லிருக்கா. சோறும் ஆகாதாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பு சுமந்தது நான், மணல் கொட்டியது நான், டாக்டரிடம் திட்டு வாங்கியது நான். வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

நான் கற்றது இவ்வளவுதான். மருந்தைச் சரியான அளவில், மாதம் தவறாமல் கொடுங்கள். கன்று படுக்கும் இடத்தைக் காயவிடுங்கள். பெயர் யாருக்குப் போனாலும் போகட்டும், படல் மூடியிருந்தால் போதும்.