பனிப்புகாருக்குள் ஒலித்த ஐஸ்கிரீம் மணி

எண்பத்தாறாம் ஆண்டு, ஈஸ்டர் விடுமுறை. டென்மார்க்கின் மேற்குக் கரையில் ரோமோ என்று ஒரு தீவு இருக்கிறது. தீவு என்றாலும் கடலுக்கு நடுவால் போட்ட ரோட்டில் காரிலேயே போய்விடலாம். அங்கேதான் இது நடந்தது.

நாங்கள் அப்போது ரண்டர்ஸ் நகரத்தில் இருந்தோம். என் கணவர் எண்பத்துநாலின் தொடக்கத்திலேயே டென்மார்க் வந்துவிட்டார். நானும் மகளும் வந்துசேர்ந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அவர் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது மகள் தவழுகிற பிள்ளை. விமான நிலையத்தில் அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றபோது அவளுக்கு இரண்டரை வயது கடந்திருந்தது. அவள் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு என் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அவர் வேலை முடிந்து கதவைத் திறந்தால் அவள் எனக்குப் பின்னால் ஒளிவாள். "அந்த மாமா வந்திட்டார்" என்று என் காதுக்குள் சொல்லுவாள். "மாமா இல்லையம்மா, அப்பா" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் இருந்த அவருடைய படத்தைக் காட்டினால் "அப்பா" என்பாள். ஆளைக் காட்டினால் தலையை ஆட்டி மறுப்பாள். படத்தில் மீசை இருந்தது, தலை நிறைய முடி இருந்தது. இந்த ஆள் மீசையை எடுத்துவிட்டு, மெலிந்துபோய், எந்நேரமும் கம்பளித் தொப்பியோடு நின்றார். அவளையும் குறை சொல்ல முடியாது.

"போகப்போகச் சரிவரும், நீர் பிள்ளையை ஏசாதையும்" என்று அவர் எனக்குச் சொல்லுவார். ஆனால் அவள் நித்திரையான பிறகு கட்டிலடியில் குந்தியிருந்து அவளுடைய குஞ்சுக் காலைத் தடவிக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். முழித்தாளென்றால் கத்துவாளே என்ற பயத்தில் மெல்லத் தடவுவார்.

எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த ஆசிரியைக்கு ரோமோவில் ஒரு சொமஹூஸ் இருந்தது. கோடைக்கு வந்து தங்குகிற சின்ன மரவீடு. ஈஸ்டருக்கு நாங்கள் வேறு இடம் போகிறோம், வீடு சும்மாதான் கிடக்கும், போய் நின்றுவிட்டு வாருங்கள் என்றார். அவரும் புருஷனும் தங்கள் காரிலேயே எங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பிப் போகும்போது ஆசிரியை மணலில் விரலால் கோடு கீறி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தக் கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டாத தூரம் போகும். பெருகும்போது முன்னால் மட்டும் வராது, பள்ளங்களுக்குள்ளால் சுற்றிக்கொண்டு உங்களுக்குப் பின்னாலும் வரும், கவனம். என் கணவர் "ஓம், ஓம்" என்று டேனிஷிலும் தமிழிலும் தலையாட்டினார்.

முதல் நாள் வானம் எங்களை வைத்து விளையாடியது. வெயில் என்று வெளியே போனால் ஆலங்கட்டி மழை. ஓடிவந்து கதவைச் சாத்தினால் மறுபடி வெயில். மகளுக்கு அது பெரிய புதினம். கட்டிகளைப் பொறுக்கி வாய்க்குள் போட்டாள். என் மனிசன் தானும் ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக் காட்டினார். அவள் சிரிப்பு வந்தும் சிரிக்காமல் என்னிடம் ஓடிவந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை நல்ல வெளிச்சம். ஒரு முகில்கூடக் கிடையாது. எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் பக்கத்தில் நின்றால் அவள் என்னைத்தான் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேரையும் தனிய அனுப்பினால் என்ன?

"அம்மா சோறு காய்ச்சப் போறன். நீ போய் எனக்குச் சிப்பி பொறுக்கிக்கொண்டு வா, செல்லம்" என்றேன்.

சிப்பி ஆசையில் சம்மதித்தாள். ஆனால் கையைப் பிடிக்க விடவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு அவர் பின்னால். மணல்மேட்டில் நின்று பார்த்தேன். கடல் எங்கேயோ ஒரு கோடாகத் தெரிந்தது. நடுவில் முழுக்க ஈர மணல். இரண்டு புள்ளிகள் அதில் போய்க்கொண்டிருந்தன. மனம் குளிர்ந்து உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

சோறு வடித்து, கறியைக் கூட்டி வைத்துவிட்டு யன்னலால் பார்த்தால் கடற்கரையே இல்லை. கடலிலிருந்து வந்த பனிப்புகார் எல்லாவற்றையும் மூடிவிட்டது. மணல்மேட்டுக்கு ஓடினேன். என் கையே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஒரு பதிலும் இல்லை. காது கொடுத்துக் கேட்டேன். காலையில் கேட்காத அலைச்சத்தம் இப்போது கேட்டது. கடல் பெருகி வந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டில் தொலைபேசி இல்லை. பக்கத்து வீடுகள் அநேகமாகப் பூட்டிக் கிடந்தன. யாரைக் கூப்பிடுவது, எந்தப் பாஷையில் கூப்பிடுவது? அந்த நேரம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ரோட்டில் ஒரு மணிச் சத்தம் கேட்டது. ஐஸ்கிரீம் வண்டி. ரண்டர்ஸில் எங்கள் தெருவுக்கும் அப்படி ஒன்று வரும். நான் வீட்டுச் செருப்போடு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

சாரதி நல்ல மொத்தமான மனுஷர், செம்பட்டைத் தாடி. சிரித்துக்கொண்டு யன்னலைத் திறந்தார். எனக்குத் தெரிந்த டேனிஷ் எல்லாம் மறந்துபோய்விட்டது. "புருஷன். பிள்ளை. தண்ணி" என்ற மூன்று சொல்லைத்தான் அவருடைய பாஷையில் சொன்னேன். அதையும் பிழையாகத்தான் சொல்லியிருப்பேன். கையால் புகாரைக் காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றப் பக்கக் கதவைத் திறந்து "கொம்" என்றார். வா என்று அர்த்தம்.

அந்தத் தீவில் கடற்கரைக்குள் வாகனம் இறங்கலாம். வண்டியை நேரே மணலுக்குள் இறக்கி, பெரிய விளக்குகளைக் கடல் பக்கம் போட்டுவிட்டு மணிக் கயிற்றை இழுக்கத் தொடங்கினார். இழுப்பார், நிறுத்துவார், காது கொடுப்பார், திரும்ப இழுப்பார். பிறகு கயிற்றை என் கையில் தந்து, இப்படியே செய் என்று காட்டிவிட்டு, டோர்ச் லைற்றோடு தண்ணி விளிம்புவரை போய்க் கத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

மணிச் சத்தம் கேட்டுச் சில சனங்கள் மேட்டால் இறங்கி வந்தார்கள். ஒரு மனுஷி இரண்டு கிழமைக்குப் போதும் என்கிற மாதிரிப் பெரிய பையோடு ஐஸ்கிரீம் வாங்க வந்தார். விஷயம் விளங்கியதும் பையைக் கீழே போட்டுவிட்டு என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் தன் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் விட்டு, அதன் விளக்கையும் போட்டார். மணி ஓய்கிற போதெல்லாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கயிறு இழுத்து இழுத்து என் உள்ளங்கை எரிந்தது. நான்தானே அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

புகாருக்குள் நடந்ததை என் கணவர் பிறகுதான் சொன்னார். புகார் மூடினதும் பிள்ளையைத் தூக்கியிருக்கிறார். அவள் உதைத்துக் குழறியிருக்கிறாள். கரை என்று நினைத்து நடந்த பக்கத்தில் தண்ணி முழங்காலுக்கு ஏறியது. திரும்பி மற்றப் பக்கம் நடந்தால் அங்கேயும் தண்ணி. எது கரை, எது கடல் என்று தெரியாமல் நின்றுவிட்டார். அவருடைய நெஞ்சு அடிக்கிற அடி அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், குழறலை நிறுத்திவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டாளாம். கொஞ்ச நேரத்தில் தலையை நிமிர்த்தி "ஐஸ் கார்!" என்றாள். அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. "எங்கையம்மா?" என்று கேட்க, விரலை நீட்டிக் காட்டினாள். அது கடல் பக்கம் என்று அவர் உறுதியாக நம்பிக்கொண்டிருந்த திசை.

"பிள்ளை பொய் சொல்லாது எண்டு நினைச்சன். என்ரை மூளையை நம்பி ரெண்டுதரம் பிழை விட்டிட்டன்தானே" என்றார் என்னிடம்.

அவளைத் தோளில் ஏற்றி, அவள் காட்டின பக்கம் நடந்தார். தண்ணி தொடைவரை வந்தது. பயத்தில் நின்றார். அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து, "போங்கோ, போங்கோ" என்றாள். நடக்க நடக்கத் தண்ணி இறங்கியது. அதற்குப் பிறகுதான் மணி அவருடைய காதிலும் விழுந்தது.

நாங்கள் முதலில் கண்டது உயரமான ஒரு நிழலை. நான் கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். இடுப்புக்குக் கீழே நனைந்து, நடுங்கிக்கொண்டு வந்தார். தொப்பி இல்லை. மகள் தோளில் இருந்தபடி, இரண்டு கையாலும் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு முறைப்பாடு வைத்தாள்.

"அம்மா, அப்பாக்குக் காது கேக்காது. நான்தான் காட்டினனான்."

அவர் அப்படியே மணலில் முழந்தாளிட்டுவிட்டார். குளிரில்தான் விழுகிறார் என்று ஐஸ்கிரீம்காரர் போர்வையோடு ஓடிவந்தார். என் கணவர் அழுகிறார் என்றும், எதற்காக அழுகிறார் என்றும் அந்தக் கடற்கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மகளுக்கு அது விளங்கவில்லை. "அப்பாக்குக் குளிருது" என்று சொல்லி, போர்வையின் ஒரு பக்கத்தைத் தானே இழுத்து மூடிவிட்டாள்.

அந்த மனுஷர் எங்களை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். விடாமல் உள்ளே கூப்பிட்டு, சோறும் கோழிக்கறியும் போட்டுக் கொடுத்தேன். முதல் வாயிலேயே கண் சிவந்து தண்ணி ஓடியது. ஆனாலும் கோப்பையை வழித்துத்தான் வைத்தார். பிறகு வண்டிக்குள் போய் மகளுக்கு ஒரு பெட்டி ஐஸ்கிரீம் கொண்டுவந்து தந்தார். அவர் வெளிக்கிடும்போது பார்க்கிறேன், வெளியே நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது, கடல் ஒன்றும் தெரியாததுபோல மினுங்கியது. எங்களுக்குத் தெரிந்த ஒரே நன்றிச் சொல்லான "தக்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னோம். அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மிச்ச நாட்கள் முழுக்க மகள் தகப்பனை விட்டு இறங்கவில்லை. மழை பெய்தால் யன்னலடியில் அவர் மடியில். வெயில் எறித்தால் மணல்மேட்டில் அவர் தோளில். தூரமான இடத்துக்கு மட்டும் இரண்டு பேரையும் நான் விடவில்லை.

இன்றைக்கு அவளுக்கே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கும் டேனிஷ் நன்றாக ஓடுகிறது. ஆனாலும் பஸ் தரிப்பிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ யாராவது புதிதாக வந்த ஒருவர் அரைகுறைச் சொற்களோடு தடுமாறி நிற்பதைக் கண்டால் என்னால் கடந்துபோக முடிவதில்லை. எல்லாம் விளங்கிய பிறகு உதவுவோம் என்று அந்த மனுஷர் அன்றைக்குக் காத்திருந்தால், அந்த ஈஸ்டரோடு எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் மிஞ்சியிருப்பேன்.