ஞாயிற்றுக்கிழமை மோட்டார்

டிவி கம்பெனியில் எஞ்சினியராக இருந்தேன் என்று சொன்னால் கோவில்பட்டியில் இன்றைக்கும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அப்ப நடிகருங்கள எல்லாம் பாத்திருப்பீங்களே அண்ணாச்சி?" பார்த்ததில்லை. நான் பார்த்தது டிவியின் பின்பக்கம். அதிலும் ஒரு மூலை. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, டிவிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை என்கிற பகுதி. படம் நன்றாகத் தெரிந்தால் ஆண்டெனா கட்டியவனைப் பாராட்டுவார்கள். புகை வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் அப்படியே போயிற்று.

நான் சேர்ந்தபோது எல்லாம் கறுப்பு வெள்ளை. வெளிநாட்டு வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, கிடைக்காத பாகங்களுக்கு மாற்றுத் தேடி, சென்னையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு டிவியை உருவாக்கினோம். நாகலாபுரம் பக்கம் ஆட்டுக்கிடை போட்டுத் திரிந்த குடும்பம் எங்களுடையது. அதில் நான்தான் முதல் எஞ்சினியர். எனவே கொடைக்கானல் மலையில் டவர் வந்து, எங்கள் கரிசல் காட்டுக்கும் படம் எட்டும் என்று ஆனதும், ஊர்த் தலைவர் எனக்குக் கடிதம் போட்டார். பஞ்சாயத்துக்கு வாங்கும் டிவி என் கம்பெனி டிவியாகத்தான் இருக்க வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கார்த்திகைக் கடைசியில் டிவியை நானே கொண்டுவந்தேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து, பக்கத்தில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் ஆண்டெனாவை வடமேற்கே திருப்பிக் கட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. மறுநாள் சாயங்காலம் சினிமா. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. பத்து நிமிடம்கூட ஓடியிருக்காது. படம் நாலு பக்கமும் சுருங்க ஆரம்பித்தது. கதாநாயகன் கொஞ்சம் கொஞ்சமாகக் குள்ளமாகிக்கொண்டே வசனம் பேசினான். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஊருக்குச் சாயங்காலம் ஒரு மூன்று மணி நேரம்தான் மோட்டார் ஓடுகிற கரண்ட் வரும். ஏழு கிணற்றிலும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால், இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டிய இடத்தில் நூற்று முப்பது வரும். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்திருந்தார்கள். அது டக்கு டக்கென்று அடித்துவிட்டு நின்றுவிட்டது. தலைவர் எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை படம் ஓடும்போது ஊரில் ஒரு மோட்டாரும் ஓடக்கூடாது.

மற்றவர்களுக்கு இதில் கஷ்டமில்லை. சொந்தக் கிணறு, திங்கட்கிழமை இறைத்துக்கொள்வார்கள். ஒரு கிணறு மட்டும் பங்குக் கிணறு. அதில் ஆளாளுக்கு முறைநாள் உண்டு; அன்றைக்கு மட்டும்தான் அவர்கள் இறைக்கலாம். என் அக்காவுக்கு முறை புதனும் ஞாயிறும். அத்தான் மணியாச்சியில் தண்டவாளம் பராமரிக்கிற ரயில்வே கேங்கில் வேலை பார்த்தார். மாதத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். முக்கால் ஏக்கர் மிளகாயை அக்கா ஒற்றை ஆளாகப் பார்த்தாள். மழை வேறு அந்த வருடம் ஐப்பசியோடு முடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை நிறுத்தினால் அவள் தண்ணீரில் பாதி போச்சு.

அவளிடம் போய்ச் சொல்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. போனபோது மம்பட்டியோடு வாய்க்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"யக்கா, படம் முடியுற வரைக்கும் மோட்டார நிறுத்தணுமாம்."

"யாரு சொல்லுதா?"

"ஊரு சொல்லுது."

அக்கா மம்பட்டியைக் கரையில் வைத்தாள். "ஊரு சொன்னா நிறுத்த வேண்டியதுதான். சுவிட்சு அந்தா இருக்கு, நீயே அமத்து."

அவ்வளவுதான். ஒரு முணுமுணுப்பு இல்லை. கைகால் கழுவிக்கொண்டு என் பின்னாலேயே வந்து, கூட்டத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது என் பங்கு ஆட்டையும் சேர்த்து மேய்த்தவள். நான் செய்த டிவி அவள் மிளகாயைக் காயப்போடுகிறது என்ற நினைப்பைச் சென்னை வரை சுமந்துகொண்டு போனேன்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லுப்பா" என்றார். நூற்று முப்பதில் அது படுத்துவிடுகிறது என்றேன். "அப்படின்னா கரண்ட் ஆபீசுக்கு எழுதச் சொல்லு." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் சோதனை அறையில் காலை முதல் மாலை வரை இருநூற்று முப்பது வோல்ட் இம்மி பிசகாமல் வரும். அதில் ஓடுகிற டிவியைச் செய்துவிட்டு, நாடு முழுக்க ஓடும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி ஒன்றை அவர் மேசையிலேயே வைத்து, நூற்று முப்பதுக்குத் திருகிக் காட்டினேன். படம் சுருங்குவதைப் பார்த்தார். "சரி, செய். ஆனா மத்த வேலை கெடக்கூடாது" என்றார்.

ஏற்கனவே பாதியில் போட்டுவைத்திருந்த யோசனை ஒன்று என்னிடம் இருந்தது. கரண்டை அப்படியே வாங்காமல், ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்வது. குழாயில் தண்ணீர் மெல்ல வந்தால், கூடுதல் நேரம் திறந்துவைத்துக் குடத்தை நிரப்புவதில்லையா, அதே கணக்குதான். சொல்ல லேசு. செய்யும்போது டிரான்சிஸ்டர்கள் பட்டாசாக வெடித்தன. எங்கள் அறைக்கு மற்றவர்கள் வருவதையே குறைத்துக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். மறுநாள் ஞாயிறு. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் தோட்டத்துக்குப் போனேன். கீழ்க்கடைசி நாலு வரிசை மிளகாய் தலைசாய்ந்து நின்றது. அக்கா குளித்துத் தலைசீவிப் பூ வைத்திருந்தாள். பொங்கல் அல்லவா என்று நினைத்தேன்.

"யக்கா, மாசிக்குள்ள சரி பண்ணிருதேன்."

"என்னத்த?"

"டிவியத்தான். பெறவு நீ ஞாயித்துக்கெழமையும் மோட்டார் போடலாம்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிலே" என்றாள். அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சொன்னபடி மாசியில் வந்துவிட்டேன். ஞாயிறு மத்தியானம் பஞ்சாயத்து டிவியின் முதுகைத் திறந்து, பழைய பவர் சப்ளையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். சாயங்காலம் படம் தொடங்கியதும் எல்லா மோட்டாரையும் போடச் சொன்னேன். அக்காவின் மோட்டாரை நானே ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன். வோல்ட் மீட்டர் நூற்று இருபத்தெட்டு காட்டியது. படம் ஒரு விரற்கடைகூடச் சுருங்கவில்லை. எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். தலைவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "இனிமே ஞாயித்துக்கெழமைத் தடை கெடையாது. அவனவன் மோட்டாரப் போட்டுக்கிடலாம்."

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தில் தேடினேன். அவள் முன்வரிசையில் இருந்தாள். உட்காரக் கொண்டுவந்திருந்த சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தாள். நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. பின்னாலேயே போனேன். தோட்டத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மம்பட்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"படம் ஓடுதே யக்கா, உக்காந்து பாத்தா என்ன?"

"தண்ணி ஓடுதுல்லா. ஒரு பாத்தி நெறஞ்சா அடுத்த பாத்திக்கு யாரு திருப்பி விடுவா?"

"இவ்வளவு நாளும் தண்ணியில்லாமதான கஷ்டப்பட்ட?"

அவள் மண்ணை வெட்டி மடையைத் திருப்பிக்கொண்டே பேசினாள். கோபமெல்லாம் இல்லை. "இவ்வளவு நாளும் ஊரு நிறுத்தச் சொல்லுச்சு, நிறுத்துனேன். ஞாயித்துக்கெழம வந்தா குளிச்சு, தலசீவி, நேரத்தோட போயி முன்னால உக்காந்துக்கிடுவேன். வாரத்துல எனக்கு அந்த ஒரு சாயங்காலம்தாம்லே. ஒங்க அத்தானோ மத்த யாருமோ ஒரு சொல்லு சொல்ல முடியாது. மோட்டார் ஓடலைன்னா நான் என்ன செய்ய முடியும்? இப்ப இங்கன தண்ணி ஓடுதுன்னு தெரிஞ்சும், அங்கன எப்பிடி உக்காந்திருக்க?"

"மொளகா வாடுச்சே யக்கா."

"வாடுச்சுதான். நாலு வரிச. போனாப் போகுதுன்னு விட்டிருந்தேன்."

"பொங்கலுக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ எங்க கேட்ட? சரி பண்ணிருதேன்னுதான சொன்ன."

தலைவரிடம் பேசித் தடையைத் திரும்பப் போடச் சொல்லட்டுமா என்றேன். அக்கா நிமிர்ந்து முறைத்தாள். "கண்ணு முழிச்சு நீ செஞ்சத நானே வேண்டாம்னு சொல்லவா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

மம்பட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "நீ போ. நான் பாத்துக்கிடுதேன்."

"ஒனக்கு மட திருப்பத் தெரியுமா?"

"தெரியாது. நீ போ."

அக்கா வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, சாக்கை இடுக்கிக்கொண்டு, அந்த வயதுக்கு ஆகாத வேகத்தில் நடந்து போனாள். முழங்கால் வரை சேற்றில் நின்றபடி, என் டிவியின் பாட்டுச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டேன். இரண்டு பாத்தியை மூழ்கடித்தேன். ஒரு பாத்திக்குத் தண்ணீரே போகவில்லை. படம் முடிந்து வந்த அக்கா, "வெளங்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வீடு வரும்வரைக்கும் கதை சொன்னாள். அவள் பார்க்காமல் விட்ட நடுப்பகுதியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் நான் சென்னைக்குப் போய்விட்டேன். குறைந்த வோல்ட்டில் ஓடும் டிவி என்று கம்பெனி விளம்பரம் செய்தது. விற்பனை ஏறியது. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டி, இது கிராமத்து ஜனங்களுக்குச் செய்த சேவை என்றார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். நாகலாபுரம் பக்கம் எத்தனை வோல்ட் குறைகிறது என்று அத்தனை துல்லியமாக அளந்தவன், என்னை வளர்த்தவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீடுகளிலிருந்து படத்தின் சத்தம் வந்தது. அக்கா அந்நேரம் மடையில் நின்றிருப்பாள். என் அறையிலும் ஒரு டிவி இருந்தது. நான் போடவில்லை. மிளகாய் எடுத்து முடிகிற வரைக்கும், எந்த ஞாயிற்றுக்கிழமையும் போடவில்லை. அதனால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியும் போடவில்லை.