பதிலுக்கு முன்பே போன கடிதம்

ரோஸ்வித்தா கெம்ப்கா, ஜெர்மனியில் பீலஃபெல்ட் ஊர் பிஸ்கட் ஆலையின் ஊழியர் குழுவுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தலைவி. கூட்டங்களில் அவள் குடித்த காப்பியை ஊர்க் குளத்தில் ஊற்றியிருந்தால் வாத்துகள் இன்னும் தூங்கியிருக்காது. அடுத்த தேர்தலில் நிற்கமாட்டேன் என்பதை நாலு தேர்தலாகச் சொல்லி வருகிறாள்.

ஒரு திங்கட்கிழமை, ஆட்கள் விவகாரம் பார்க்கும் ப்ரூக்மான் கடிதம் ஒன்றை நீட்டினார். தானாக ஓடும் புது அடுப்பு வருகிறது, உல்ஃப் மாட்செக்கை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறோம், குழுவின் கருத்து என்ன? அப்படிக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். பதில் சொல்லக் குழுவுக்கு ஒரு வாரம். வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்று கணக்கு. திறந்தாலும் பெரும்பாலும் நடப்பதுதான் நடக்கும். அதுதான் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

உல்ஃபுக்கு ஐம்பத்தி நாலு வயது. அடுப்பு வாயில் நின்று நின்று புருவமே கிடையாது. இனி யார் வேலை கொடுப்பார்கள்? கிடங்கில் ஓர் இடம் காலி என்று ரோஸ்வித்தா தேடிக் கண்டுபிடித்தாள். ஆட்சேபம் எழுதி, கடைசி நாளான அடுத்த திங்களுக்குக் குழுவைக் கூட்டினாள்.

சனிக்கிழமை தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது உல்ஃப் வந்து நின்றான், கையில் வேலைநீக்கக் கடிதம்.

"நீயும் தலையாட்டிட்டியா, ரோஸி?"

அவள் மண்கையோடு வாங்கித் தேதியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை. இந்தச் சனிக்கிழமைதான் ப்ரூக்மான் மயோர்க்கா தீவுக்கு விடுமுறையில் கிளம்புகிறார். மேஜையில் ஒரு தாள் கிடந்தாலும் அந்த மனுஷனுக்கு விமானம் மேலே எழும்பாது. எல்லாவற்றையும் முடித்துத் தபாலில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்.

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. திங்களன்று குழு கூடியது, ஆட்சேபம் போனது. இரண்டு வாரம் கழித்து மூக்குத் தோல் உரிந்து ப்ரூக்மான் திரும்பினார்.

"கேள்வி கேட்டீங்க சார். பதில் வர்றதுக்குள்ள கடிதத்தை அனுப்பிட்டுக் கிளம்பிட்டீங்க. சட்டப்படி அந்தக் கடிதம் செல்லாது."

"ஒரே ஒரு வேலை நாள் முன்னாடிதானே, கெம்ப்காம்மா?"

"அந்த நாள் எங்களோடது."

முதலிலிருந்து மறுபடி கேட்கலாமே என்று முனகினார். தாராளமாகக் கேளுங்கள், இதே பதில்தான் வரும் என்று ஆட்சேபத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். அப்போதுதான் அதை முதல் தடவையாகப் படித்தார். கிடங்கில் இடம் காலியா என்று கேட்டார்.

உல்ஃப் கிடங்குக்கு மாறினான். மறு வாரமே அவள் அறைக் கதவைத் தட்டினான். நன்றி சொல்லவா? அதெல்லாம் இல்லை.

"இருபது வருஷம் அடுப்புகிட்ட இருந்தவன் நான். அங்க குளிருது, ரோஸி."

ரோஸ்வித்தா காப்பியை ஓரம் நகர்த்தி, பேனாவைத் திறந்தாள்.

"எத்தனை டிகிரி?"