சரோஜா அழுத அத்தியாயம்

இராமநாதபுரத்தில் நான் ஆசிரியையாக இருந்தபோது, உடன் வேலை பார்த்த சரோஜாவும் நானும் மதிய இடைவேளைகளில் ஒரு பழைய நாவலைச் சேர்ந்து படித்தோம். அதில் ஒருத்தி மொட்டைக் கடிதம் எழுதித் தன் தோழியின் வாழ்வைக் கெடுப்பாள். அந்த இடத்தில் சரோஜா தேம்பி அழுதாள்.

சிறு வயதில் எனக்கு ஒருமுறை வலிப்பு வந்ததை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். கமுதியில் எனக்கு மாப்பிள்ளை நிச்சயமான மறுவாரம், அதையே எழுதிய மொட்டைக் கடிதம் அவர்கள் வீட்டுக்குப் போனது. கல்யாணம் நின்றது. என்னைப் பெற்ற அய்யா பல நாள் வெளியே தலைகாட்டவில்லை.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டு இடம் தட்டிப்போச்சு. ஒனக்கு மட்டும் ஒடனே அமையுதேன்னு பொறுக்கல" என்றாள், தலை நிமிராமல்.

அவளுடைய ரகசியம் ஒன்று எனக்கும் தெரியும். அதைப் பெயர் போடாமல் தலைமையாசிரியைக்கு எழுதி, உறையையும் ஒட்டிவிட்டேன். தபால் பெட்டியருகே போனபோது நாவலில் வாழ்வு கெட்ட அந்தத் தோழி நினைவுக்கு வந்தாள். பழிவாங்க வழியிருந்தும் வாய் திறக்காதவள் அவள். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

சரோஜாவை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை. கதைக்கு அழுகிறவர்களை உடனே நம்பிவிடுவதும் இல்லை. ஆனால் யாரைப் பற்றி எழுதினாலும், கீழே என் பெயரைப் போட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.